பால் தேநீர்க் கறை: சோப்பு போட்டதும் நிறம் கூடியது ஏன்?

கேள்வி

என்னுடைய வெள்ளைப் பருத்திச் சட்டையின் முன்பக்கத்தில் பால் சேர்த்த தேநீர் சிந்திவிட்டது. உடனே துணி சோப்பைத் தேய்த்து அலசினேன். நடுப்பகுதி சற்று வெளிறியிருக்கிறது. ஆனால் ஓரம் முன்பைவிட அழுத்தமான பழுப்பு வளையமாகத் தெரிகிறது. சட்டையை இன்னும் வெயிலில் காயவைக்கவில்லை, இஸ்திரியும் போடவில்லை. சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்து தடவும்படி ஒருவர் சொல்கிறார்; பிளீச்சில் ஊறவைத்தால் போதும் என்கிறார் இன்னொருவர். துணி கெடாமல் கறையை எடுக்க எது சரியான வழி?

பதில் 1

சூடு காட்டாமல் வைத்திருப்பது நல்லதாயிற்று. பால் தேநீரில் இருப்பது ஒரு கறை அன்று, இரண்டு: பாலின் புரதமும் கொழுப்பும் ஒன்று, தேயிலையின் டானின் (பழுப்பு நிறமும் துவர்ப்பும் தரும் பொருள்) மற்றொன்று. புரதம் சூடு பட்டால் இறுகி இழையைப் பற்றிக்கொள்ளும் என்பதால், முதலில் பாலைக் குளிர்ந்த நீரில் போக்கிவிட வேண்டும். சட்டையின் உட்புறம் மேலே வருமாறு புரட்டி, கறையின் பின்பக்கத்தில் குழாய்த் தண்ணீர் விழும்படி பிடியுங்கள். வந்த வழியே கறை வெளியேறும். பிறகு நொதி (புரதத்தைச் சிதைக்கும் என்சைம்) சேர்ந்த சலவைத் திரவத்தை வளையத்தின் மீது விட்டு, கசக்காமல் விரல் நுனியால் ஒற்றி, அரை மணி நேரம் விட்டு அலசுங்கள்.

நிறம் கூடியதற்குக் காரணம் சோப்பின் காரத்தன்மைதான். தேயிலைச் சாயம் காரம் பட்டால் கறுக்கும், புளிப்பு பட்டால் வெளுக்கும். பால் சேர்க்காத தேநீரில் எலுமிச்சை பிழிந்தவுடன் நிறம் இறங்குவது இதனால்தான். ஆகவே சலவைத் திரவம் முழுவதும் போனபின், ஒரு பங்கு வெள்ளை வினிகரில் இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, கறை நனையும்படி ஒற்றிக் கால் மணி நேரம் விட்டு அலசலாம்.

பதில் 2

சோடாவும் வினிகரும் சேர்ந்தால் ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுத்துவிடும். நுரை பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். குளோரின் பிளீச்சையும் வினிகரையும் மட்டும் எக்காரணம் கொண்டும் ஒரே வாளியில் சேர்க்காதீர்கள். நச்சான குளோரின் வாயு வெளிப்படும்.

வினிகருக்குப் பின்னும் நிழல் போல மஞ்சள் தங்கியிருந்தால், சோடியம் பெர்கார்பனேட் உள்ள ஆக்சிஜன் பிளீச்சுத் தூளை 40 முதல் 60 டிகிரி வரையிலான வெதுவெதுப்பான நீரில் கரைத்து, சட்டையைச் சில மணி நேரம் ஊறவையுங்கள். அது நீரில் ஹைட்ரஜன் பெராக்சைடை வெளியிட்டு, டானினின் நிறத்தைச் சிதைக்கும். பால் முழுவதும் போனபிறகே இந்தச் சூடு. பட்டுக்கும் கம்பளிக்கும் இந்தத் தூள் ஆகாது. வண்ணத் துணியானால் உள்தையலில் ஒரு சொட்டு விட்டுச் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி கேட்டவர்

நன்றி. குளிர்ந்த நீரில் நொதி வேலை செய்யுமா? இன்னொன்று, வளையத்தின் விளிம்பு பழுப்பாக இல்லாமல் சற்றுச் சாம்பல் நிறமாகவும் தெரிகிறதே?

பதில் 3

செய்யும், ஆனால் மெதுவாக. முதல் அலசலுக்குத்தான் குளிர்ந்த நீர் முக்கியம். அதன்பின் கை பொறுக்கும் இளஞ்சூட்டில் ஊறவைத்தால் நொதிக்கு வசதி.

சாம்பல் நிறத்துக்கு உங்கள் தண்ணீரைத்தான் நான் சந்தேகிப்பேன். டானின் இரும்புடன் சேர்ந்தால் கருநீலச் சேர்மமாகிவிடும். பழைய காலத்து எழுதுமை இப்படித்தான் தயாரானது. வாளியின் அடியில் துருநிறப் படிவு தெரிந்தால், பெராக்சைடு பக்கம் போகுமுன் ஒரு குவளை நீரில் ஒரு தேக்கரண்டி சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து அந்த இடத்தை நனைத்து, வடிகட்டிய நீரில் அலசுங்கள். இரும்பு தங்கியிருக்கும் துணியில் பெராக்சைடு பட்டால் இழையே நைந்துபோகக்கூடும்.

ஈரத்தில் மெல்லிய கறை கண்ணுக்குத் தப்பிவிடும். எனவே நிழலில் உலர்த்தி, வெளிச்சத்தில் பார்த்து, வளையம் அறவே இல்லை என்றால் மட்டும் இஸ்திரி போடுங்கள்.