சாரலும் தூவானமும் ஒன்றா?

நண்பர்களே, ஒரு சின்ன சந்தேகம். 'சாரல்' என்று நீங்கள் எதைச் சொல்வீர்கள்?

எனக்குப் பழக்கமானது, காற்று தள்ளிக்கொண்டு வந்து ஜன்னல் வழியே முகத்தில் தெளிக்கும் மழை. "சாரல் அடிக்குது, ஜன்னலைச் சாத்து" என்போமே, அதுதான். தூறல் என்றால் போடும், சாரல் என்றால் அடிக்கும். வினைச்சொல்லே வித்தியாசத்தைக் காட்டிவிடுகிறது. ஆனால் மெல்லிய மழை எதையுமே சாரல் என்பவர்களும் இருக்கிறார்கள். அது தூறல்தானே என்று வாய் வரை வரும், அடக்கிக்கொள்வேன்!

அப்புறம் 'மலைச்சாரல்'. அங்கே மழையே இல்லை, மலைச்சரிவுதான் பொருள். சங்கப் பாடல்களிலும் சாரல் பெரும்பாலும் மலைப்பக்கம்தான். சரிவுக்கும் சாய்ந்து விழும் மழைக்கும் ஒரே சொல் எப்படி வந்தது? 'சார்' என்ற வினையிலிருந்து இரண்டும் கிளைத்தனவா?

'மழை விட்டும் தூவானம் விடவில்லை' என்கிறோம். அந்தத் தூவானமும் சாரலும் உங்கள் பேச்சில் ஒன்றா, வேறா? அகராதிப் பொருள் என்னிடம் இருக்கிறது. வீட்டில் பேசும்போது இந்தச் சொற்கள் வரும் வாக்கியம் ஒன்றிரண்டை அப்படியே எழுதினால் பெரிய உதவி.