பதில்: பூவில் சேராத தேனுக்கு என்ன பெயர்?

குழும நண்பர்களுக்கு வணக்கம். மகரந்தச் சேர்க்கைக்கு அல்லாமல் இலை, காம்பு போன்ற இடங்களில் செடி சுரக்கும் தேனுக்கும், அதைச் சுரக்கும் உறுப்புக்கும் (ஆங்கிலத்தில் extrafloral nectary) தமிழில் என்ன சொல் வைப்பது என்பதுதான் கேள்வி. அதற்குக் குழுமத்தில் ஐயா ஒருவர் எழுதியது:

> ‘மலர்ப்புறத் தேன்சுரப்பி’ என்றே வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலச் சொல்லுக்கு நேராக இருக்கிறது.

ஐயா, அந்த நேர்தான் எனக்கு இடிக்கிறது. ஆங்கிலச் சொல்லின் பின்னால் இருக்கும் பாகுபாடு 1848-இல் காஸ்பரி என்ற ஜெர்மன் தாவரவியலாளர் செய்தது. பூவுக்குள் சுரப்பது, பூவுக்கு வெளியே சுரப்பது என்று இடத்தை வைத்துப் பிரித்தார். பிறகு வந்த இத்தாலியர் டெல்பினோ, இடம் எதுவாகவும் இருக்கட்டும், அந்தத் தேன் மகரந்தச் சேர்க்கைக்கு ஆகிறதா இல்லையா என்று வேலையை வைத்துப் பிரித்தார். ஆங்கிலத்தில் நிலைத்தது முதலாமவரின் சொல். நாம் புதிதாகச் சொல் கட்டும்போது எதற்கு அதிலேயே போய் மாட்டிக்கொள்ள வேண்டும்?

பருத்தியைப் பாருங்கள். மூலனூர்ப் பக்கம் மாமன் காட்டில் போன வருடம் ஒரு காலைப்பொழுது முழுக்க இலை இலையாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். இலையின் அடிப்பக்கம் நடுநரம்பில் சின்னக் குழி, அதில் ஒரு துளி தேன், பக்கத்தில் எறும்பு. இது பூவுக்கு வெளியே, சரி. ஆனால் பூவைச் சுற்றியிருக்கும் பூவடிச் செதில்களிலும் இதே மாதிரிச் சுரப்பிகள் உண்டு. அவை மகரந்தச் சேர்க்கைக்கானவை அல்ல. அதை ‘மலர்ப்புறம்’ என்றால் மாணவன் பூவின் வெளிப்பக்கம் என்று படிப்பான், இலைக்குழி அவன் நினைவுக்கே வராது. இன்னொன்று, நீலகிரிப் புல்வெளி ஓரங்களில் வளரும் ஒருவகைப் பெரணியிலும் (fern) இந்தச் சுரப்பிகள் இருக்கின்றன. பெரணி பூக்கவே பூக்காது. பூவே இல்லாத செடியில் மலருக்குப் புறம் எது?

‘எறும்புத்தேன்’ என்று தம்பி எழுதியிருந்தது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் குளவியும் பொறிவண்டும்கூட அதை வந்து குடிக்கின்றன. ‘மதுச்சுரப்பி’ வேண்டாம்; இன்றைய காதுக்கு மது என்றால் சாராயம்தான்.

நானே முதலில் ‘காவல்தேன்’ என்றுதான் குறித்து வைத்திருந்தேன். மஞ்சள் வயலைச் சுற்றி வரப்போரம் நிற்கும் ஆமணக்கில், காம்பும் இலையும் சேரும் இடத்தில் கடுகு மாதிரி இரண்டு குமிழ் இருக்கும். அதை அம்மிச்சியிடம் காட்டி, எறும்புக்குச் செடி தேன் கொடுக்கிறது, எறும்பு புழுவைக் கடித்து விரட்டுகிறது என்று சொன்னேன். “அப்போ அது காவலுக்குக் குடுக்கற கூலிங்களா சாமி?” என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து வந்த சொல் அது. பருத்தியில் புழு இலையைக் கடித்தால் சுரப்பு கூடுகிறது என்பதும் ஆய்வில் தெரிந்த செய்தி, ஆள் கூப்பிடுகிற மாதிரி. ஆனாலும் அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். தட்டப்பயறில் பூங்காம்பிலேயே இந்தத் தேன் சுரக்கும், அதே செடியில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி ஏறினால் அதே எறும்பு அசுவினிக்குக் காவல் நின்று பொறிவண்டை விரட்டும். அங்கே செடிக்கு எங்கே காவல்? பல தாவரக் குடும்பங்களில் தனித்தனியே, பலமுறை பரிணாமத்தில் தோன்றிய உறுப்பு இது. எல்லா இடத்திலும் ஒரே வேலை என்று பெயரிலேயே அடித்துச் சொல்லிவிடக் கூடாது.

அதனால் என் முன்மொழிவு ‘புறத்தேன்’. உறுப்புக்குப் ‘புறத்தேன் சுரப்பி’. இதில் புறம் என்பது மலரின் புறம் அல்ல, அகம் புறம் என்கிற புறம். கூடலும் அதைச் சார்ந்ததும் அகம். டெல்பினோ பிரித்த முதல் வகை, அதாவது செடியின் சேர்க்கைக்கு ஆகும் தேன், அதற்கு இணை. அதை ‘அகத்தேன்’ எனலாம். அகத்தில் சேராத மற்றதெல்லாம் புறம்: போர், காவல், கொடை எல்லாம் அதில் அடங்கும். கோட்டையைக் காத்து நிற்பது நொச்சித்திணை என்று படித்திருக்கிறோம், ஆமணக்குக் குமிழில் எறும்பு நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவு வரும். அதே நேரம் அசுவினிக் கணக்கும் இந்தச் சொல்லால் கெடாது, ஏனென்றால் காவல் உண்டு என்று அது சாதிக்கவில்லை. பருத்தியின் பூவடிச் செதிலும் பெரணியும் தடையில்லாமல் உள்ளே வருகின்றன. செடி சுரக்கும் தேனுக்குப் (nectar) பொதுவாகப் ‘பூந்தேன்’ என்று முன்பு நாம் முடிவு செய்ததையும் மாற்ற வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் ‘பூவில் சேராத பூந்தேன்’ என்று எழுத நேரும்.

எனக்கு இருக்கும் ஒரே தயக்கம், அகம் புறம் என்பதை ஏழாம் வகுப்புப் பிள்ளை உள்ளே வெளியே என்று மட்டும் எடுத்துக்கொள்ளுமோ என்பது. அப்படி எடுத்தாலும் பெரும்பாலான செடிகளில் பிழையாகாது என்று நினைக்கிறேன். தமிழாசிரியர்கள் இதில் என்ன சொல்கிறீர்கள்?

அப்புறம், ஆமணக்கு இலைக்காம்பில் இருக்கும் அந்தக் குமிழுக்கு உங்கள் ஊரில் ஏதாவது பெயர் உண்டா? எங்கள் பக்கம் விதையைக் கொட்டமுத்து என்பார்கள், குமிழுக்குப் பெயர் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.