மார்ச் மாதச் சேற்றில் ஃப்ளவுண்டர்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கடலோடி, எடிசன், நியூஜெர்சி:

போன ஞாயிறு பெல்மாரில் ஷார்க் ரிவரில் விண்டர் ஃப்ளவுண்டர் என்ற தட்டை மீன் இரண்டு கிடைத்தன. நியூஜெர்சியில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு இரண்டுதான் அனுமதி, அதுவும் 12 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ஆக, எனக்கு அது நிறைந்த நாள். அதற்கு முன் மூன்று வாரம் வெறுங்கையோடு திரும்பினேன். ஏன் என்று இப்போதுதான் புரிந்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நான் நாகப்பட்டினம் பக்கம். மீனுக்குப் போவதென்றால் கருக்கலிலேயே கிளம்பிவிட வேண்டும் என்று வளர்ந்தவன். மார்ச் 1 சீசன் திறந்ததிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் இருட்டோடு காரை எடுத்து, வெளிச்சம் வரும்போது வாடகைப் படகில் உட்கார்ந்திருப்பேன். விரல் மரத்துப் போகும், தூண்டில் அசையாது. மூன்றாவது வாரம் நான் கரையேறும் நேரத்தில் ஒரு பெரியவர் நிதானமாகத் தன் படகில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். "காலையில் இது வாயைத் திறக்காது. மதியம் சாப்பிட்டுவிட்டு வா. வற்றம் பிற்பகலில் இருக்கிற நாளாகப் பார்த்து வா" என்றார்.

யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். முட்டையிடுவதற்காகக் குளிர்காலத்தில் ஆற்றுமுகத்துக்குள் வரும் மீன் இது. தண்ணீர் உறையும் அளவுக்குப் போனாலும் அதன் ரத்தம் உறையாது, அதற்கென்றே ஒரு புரதம் ரத்தத்தில் இருக்கிறது. ஆனால் உயிரோடு இருப்பது வேறு, பசி எடுப்பது வேறு. வசந்த வெயில் முதலில் சூடாக்குவது ஆழமில்லாத கறுப்புச் சேற்றைத்தான். நீர் வற்றும்போது அந்த வெதுவெதுப்பான தண்ணீர் சேற்றுத் திட்டிலிருந்து இறங்கி வாய்க்கால் ஓரத்துக்கு வருகிறது. மீன் அங்கேதான் மேயும். போன ஞாயிறு அவர் சொன்னபடியே செய்தேன். அன்று காலை படகுத்துறையில் 43 டிகிரி பாரன்ஹீட் இருந்த தண்ணீர், மூன்று மணிக்கு வாய்க்கால் ஓரத்தில் 48. ஐந்து டிகிரிதான், மொத்தக் கதையும் அதில்தான் இருக்கிறது.

மீனை வரவழைக்கச் சிப்பியை ஓட்டோடு நசுக்கி, வெங்காயச் சாக்கில் கட்டி, கல்லோடு அடியில் இறக்கினேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கயிற்றை ஒரு குலுக்கு. இந்த மீனுக்கு வாய் மிகச் சின்னது, பெரிய முள் போட்டால் இரையை மட்டும் உறிஞ்சிவிட்டுப் போய்விடும். எட்டாம் நம்பர் நீளக்காம்பு முள்ளில், கட்டைவிரல் நகம் அளவுக்கு பிளட்வார்ம் துண்டு. (அந்தப் புழுவைத் தலைப்பக்கம் பிடிக்காதீர்கள். நான்கு கறுப்புப் பல்லை வெளியே நீட்டிக் கடிக்கும், தேனீ கொட்டியது போல வலிக்கும்.) கடி என்று பெரிதாக எதுவும் தெரியாது. தங்கூசியை விரலில் தொட்டு வைத்திருந்தால், யாரோ கதவை ஒரு விரலால் தட்டுவது போல இரண்டு தட்டு. உடனே இழுக்காமல் மெல்லத் தூக்கினேன். ஈரத்துணியைத் தூக்குவது போல ஒரு கனம், பிறகு துடிப்பு. 14 அங்குலம். மேல்பக்கம் சேற்று நிறம், கீழ்ப்பக்கம் பால் வெள்ளை, இரண்டு கண்ணும் வலப்பக்கத்தில்.

கண் இருக்கும் பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். இடப்பக்கம் கண்ணும் பல்லோடு பெரிய வாயும் இருந்தால் அது ஃப்ளூக் என்ற வேறு தட்டை மீன். அதற்கு இப்போது சீசன் இல்லை, விட்டுவிட வேண்டும். நம் ஊர் எருமை நாக்கு மீன் ஃப்ளவுண்டருக்குத் தூரத்துச் சொந்தம். அதன் அறிவியல் பெயரிலேயே 'எருமெய்' என்று நம் சொல் ஒட்டிக்கொண்டிருப்பது எனக்கு எப்போதும் பெருமை.

ஒன்று மட்டும் மனதை உறுத்துகிறது. நடுவில் 9 அங்குலக் குட்டி ஒன்று முள்ளைத் தொண்டை வரை விழுங்கிவிட்டது. பிடுங்கினால் செத்துவிடும் என்று தங்கூசியை அறுத்து விட்டேன். கீழே போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். தூண்டிலைக் கையிலிருந்து கீழே வைத்ததுதான் தவறு. இனி வைக்க மாட்டேன்.

நெய்தல், குவின்சி:

அண்ணா, இங்கே பாஸ்டன் பக்கம் மார்ச்சில் போய்ப் பயனில்லை. ஏப்ரல் கடைசியில்தான் ஆரம்பிக்கும், மே மாதம் நன்றாக இருக்கும். எங்கள் குவின்சியின் ஹவ்ஸ் நெக் பகுதியில் தங்கள் ஊரை உலகத்தின் ஃப்ளவுண்டர் தலைநகரம் என்றே சொல்லிக்கொள்வார்கள். ஆனால் 1980களில் இந்தத் துறைமுகத்தில் பிடித்த ஃப்ளவுண்டரின் ஈரலில் கட்டி இருந்தது. நகரக் கழிவு அப்படியே கடலில் விழுந்த காலம். 1982இல் குவின்சி நகரம் வழக்குப் போட்டது. அப்புறம் டியர் ஐலண்டில் புதிய சுத்திகரிப்பு நிலையம் வந்தது, 2000 செப்டம்பரில் 9.5 மைல் சுரங்கக் குழாய் திறந்து, சுத்திகரித்த நீரை வெளிக்கடலில் விட ஆரம்பித்தார்கள். இப்போது பல ஆண்டுகளாக அந்தக் கட்டி தென்படுவதில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், போன வருடம் என் முதல் மீனைக் கழுவும்போது ஈரலைத் தனியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். வழவழவென்று, ஒரு மறு இல்லை. என் மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். முப்பது நாற்பது வருடம் எத்தனையோ பேர் விடாமல் பாடுபட்டது அந்தச் சின்ன ஈரலில் தெரிந்தது. மீனை முழுசாகக் கீறல் போட்டு, மிளகும் மஞ்சளும் தடவி, தோசைக்கல்லில் போட்டோம். சதை அவ்வளவு மெல்லியது, இரண்டு பக்கமும் மூன்று மூன்று நிமிடம் போதும்.

மணல்மேடு, லாங் ஐலண்ட்:

எங்களுக்கு நியூயார்க்கில் ஏப்ரல் 1 முதல் மே 30 வரைதான். இங்கேயும் இரண்டு மீன், 12 அங்குலம். ஒரு காலத்தில் வாளி வாளியாகக் கொண்டுபோவார்களாம், பழைய ஆட்கள் சொல்லும்போது கண் கலங்குவதைப் பார்த்திருக்கிறேன். அளவுக்கு மீறிப் பிடித்தது ஒரு காரணம். குளிர்காலம் சூடேறிக்கொண்டே போவது இன்னொன்று. இதன் முட்டை மிதக்காது, அடியில் ஒட்டிக் கிடக்கும். குளிர் குறைந்தால் மணல் இறால் சீக்கிரமே சுறுசுறுப்பாகி, முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடுகிறது.

நான் தூண்டில் போடுகிறவள் இல்லை. ஜூன் மாதம் மகள் பள்ளியோடு வளைகுடாவுக்குப் போய்ச் சின்ன இழுவலையில் பிடித்தபோதுதான் இதைப் பார்த்தேன். ஐந்து ரூபாய்க் காசு அளவு, கண்ணாடி போல மெலிசு, இரண்டு கண்ணும் அதற்குள் ஒரே பக்கம் வந்துவிட்டன. பிறக்கும்போது மற்ற மீன் போலப் பக்கத்துக்கொரு கண்ணாகத்தான் இருக்குமாம். மகள் உள்ளங்கையோடு தண்ணீரில் அமிழ்த்தி விட்டாள். அது கொஞ்ச தூரம் போய் உடம்பை ஒரு சிலிர்ப்பு சிலிர்த்து மணலைத் தன்மேல் போட்டுக்கொண்டது. அவள் வெகுநேரம் குனிந்தே நின்று, "அம்மா, கண்ணு மட்டும் தெரியுது" என்றாள்.