மறு: பிடிச்சத முதல்ல வச்சுக் கட்டுற ரீம் – அந்த முதலாவதுக்கு என்ன பேர்?

எல்லாருக்கும் வணக்கம், ஸலாம்.

ராவு வந்த மடல் எல்லாத்தையும் இப்பதான் ஒரேயடியா வாசிச்சன். நம்மட போக்கிமோன் சொல்லுப் பட்டியலுக்கு, ‘பில்ட்-எரவுண்ட்’டுக்கு, அதாவது பிடிச்ச ஒண்ட முதல்ல வச்சு ரீம் கட்டக்குள்ள அந்த முதலாவதுக்கு, தமிழ் என்ன எண்டு தம்பி ஒரு வரிதான் கேட்டவர், அதுக்கு இவ்வளவு சண்டையா? "இயல்பு" (எபிலிட்டி), "குணம்" (நேச்சர்), "கைப்பொருள்" (ஐட்டம்) எல்லாம் சத்தமில்லாம முடிஞ்ச சொல்லு, பிறவிப் புள்ளி (ஐ.வி) கூடினது 31, பயிற்சிப் புள்ளி (ஈ.வி) மொத்தம் 510 அதுல ஒண்டுக்கு 252க்கு மேல இல்ல எண்டு பட்டியல்ல ஏத்தக்குள்ளயும் ஒருத்தரும் வாய் திறக்கல்ல. இதுக்கு மட்டும் இழுபடுது. ஏனெண்டா இங்க இரிக்கிற ஒவ்வொருத்தருக்கும் ஒரு செல்லம் இரிக்கி, அவரவர் செல்லத்துக்குப் பட்டம் குடுக்கிற மாதிரித்தான் சொல்லுத் தேடுறீங்க. எனக்கு அதுதான் பிழையாத் தெரியுது.

புதுசா வந்த ஆக்களுக்கு ஒரு சின்ன விளக்கம். நாம கதைக்கிறது ரெண்டுக்கு ரெண்டு சண்டை, வீ.ஜி.சி எண்டுற உத்தியோகபூர்வப் போட்டி முறை, ஆறு போக்கிமோன் கொண்டு போய் ஒரு மெச்சுக்கு நாலு எடுக்கிறது, எல்லாம் லெவல் 50. வழமையா ரீம் கட்டுற ஆள் இப்ப எது கூட வெல்லுது எண்டு பார்த்து அதுல இரிந்து தொடங்குவார். மத்த வகை ஆள் "எனக்கு லப்ராஸ் வேணும், மிச்சத்த பிறகு பாப்பம்" எண்டு தொடங்குவார். அந்த ரெண்டாவது ஆளிட லப்ராஸுக்குத்தான் பேர் தேவை. லப்ராஸ் எண்டது சும்மா உதாரணம் எண்டு சொல்லமாட்டன், நம்மட பக்கம் அதுக்கு ஆக்கள் கூட. வாவிக்குள்ள மீன் பாடுது எண்டு சொல்லிச் சொல்லியே வளர்ந்த ஊர், பாட்டுப் பாடிக் கொண்டு ஆக்கள முதுகில ஏத்தித் தண்ணிய கடக்கிற ஒண்டு விளையாட்டுக்குள்ள இரிந்தா கல்லடிப் பொடியன் வேற எதத் தெரிவான்?

இனி வந்த சொல்லுகள ஒவ்வொண்டாப் பாப்பம்.

> செல்லப்பிராணி எண்டு போட்டா என்ன?

தம்பி, வீட்டு நாய்க்கும் பூனைக்கும் இரிக்கிற சொல்லு அது. அதோட பிடிச்சிரிக்கு எண்டுறத மட்டும் சொல்லுது, ரீம் கட்டுறதப் பத்தி ஒண்டும் சொல்லல்ல. எனக்குப் பிடிச்சது இருவது இரிக்கி, ரீம் கட்டுறது ஒண்டச் சுத்தித்தான்.

> நாயகன். சின்னப் பிள்ளைக்கும் விளங்கும்.

விளங்கும், ஆனாப் பிழையா விளங்கும். 2014 உலகப் போட்டியில செ ஜுன் பார்க் வெண்ட ரீம ஒருக்கா நினைச்சுப் பாருங்க. பச்சிரிசு, அணில் மாதிரி ஒண்டு, அத வச்சு ஆரும் உலகப் போட்டிக்குப் போவானா எண்டு கேட்ட காலம். ஃபலோ மீ போட்டு எதிராளிட அடிய தன்ட பக்கம் இழுக்கும், மின்சார அடி வந்தா வோல்ட் எப்சோர்ப் இயல்பால உயிர் கூடும், சுப்பர் ஃபேங்கால எதிராளிட மிச்ச உயிர பாதியாக்கும், பக்கத்தில நிக்கிற கியராடோஸ் நாலு மடங்கு மின்சார அடிக்குப் பயப்படாம தன்ட வேலையப் பாக்கும். விழுத்தினதெல்லாம் மத்தவங்க. இப்ப இதுக்கு நாயகன் எண்டு பேர் வச்சா வாசிக்கிற பொடியன் என்ன செய்வான், தன்ட பிடிச்சதுக்கு பயிற்சிப் புள்ளி எல்லாத்தையும் அடியில கொட்டி, அதுதான் எல்லாரையும் விழுத்தணும் எண்டு முன்னுக்கு அனுப்பி, முதல் ரேர்ன்லயே போட்டுக் குடுப்பான். நான் இத நிறையப் பார்த்திட்டன். சொல்லு பிழைச்சா ரீமும் பிழைக்கும்.

> நடுநாயகம். மாலையில நடு மணி. மிச்ச மணி எல்லாம் அதச் சுத்தி.

ரீச்சர், சொல்லு வடிவு, இதச் சொல்லாமப் போக ஏலாது. விபுலாநந்த அடிகள் காரைதீவில பிறந்து சென்னையில போய் கலைச்சொல் ஆக்கின ஆக்களுக்குத் தலைமை தாங்கினவர், அவர்ட மண்ணில இரிந்து கதைக்கக்குள்ள இப்பிடி ஒரு சொல்லத் தள்ளுறதுக்கு மனம் வருதில்ல. ஆனா நடு மணி எண்டா எல்லாத்திலயும் பெரிசு, எல்லாத்திலயும் மினுக்கம், பாக்கிற கண்ணுக்கு முதல்ல படுறது. நம்மட விசயத்தில அது கட்டாயம் இல்ல. லப்ராஸ்ட அடிப்படை வேகம் 60, சும்மா நடுத்தரம், உயிர் 130 இரிக்கு ஆனா தடுப்பு 80. அஞ்சில நாலு மெச்சில பக்கத்தில நிக்கிறதுதான் மினுங்கும். வேணுமெண்டா நடுநாயகத்த வேற ஒண்டுக்கு வச்சிருப்பம், கடைசியில மெச்ச வெண்டு தாறது எது எண்டு ஒரு சொல்லு தேவைப்படுதுதானே, வின் கொண்டிசன் எண்டுறாங்களே, அதுக்கு இது அளவெடுத்துத் தச்ச மாதிரி.

> அச்சாணி

இது எனக்கும் முதல் பிடிச்சது, ஆனா ‘பிவட்’ எண்டு ஒண்டு இரிக்கே, யூ-ரேர்ன், பார்ட்டிங் ஷொட் போல அடிச்சுப்போட்டு உள்ளுக்க போய் வேற ஆள வெளிய விடுறது, இன்சினரோர் செய்யிற வேலை. அதுக்கு அச்சாணி எண்டு ரெண்டு மாசத்துக்கு முந்தியே பட்டியல்ல போட்டாச்சு. ‘கரு’ எண்ட சொல்லும் அப்பிடித்தான், நெருப்பு தண்ணி புல் எண்டு ஒண்ட ஒண்டு காக்கிற மூண்டு பேருக்கு அந்தப் பேர் போயிட்டு.

இப்ப நான் சொல்ல வந்தது. பேர் வைக்க முந்தி ரீம் எப்பிடி வளருது எண்டு பாக்கணும். லப்ராஸ வச்சே பாப்பம்.

லப்ராஸ் தண்ணியும் ஐஸும். பயப்படுறது நாலுக்கு: மின்சாரம், புல், சண்டை வகை, கல். வேகம் இல்ல, ஆனபடியா ஒண்டில் நம்மட ஆக்கள்ட வேகத்த கொஞ்ச ரேர்னுக்கு ரெண்டு மடங்காக்கிற டெயில்விண்ட் வேணும், இல்லாட்டி வேகம் குறைஞ்சத முந்தி அடிக்க விடுற ட்ரிக் ரூம் வேணும். டெயில்விண்ட் எண்டா கன பேர் யோசிக்காம டோர்னடஸ எடுப்பாங்க, பிராங்ஸ்டர் இயல்பு, முந்திப் போடும், சரி. ஆனா டோர்னடஸ் பறக்கிற வகை, அதுக்கும் மின்சாரம் ஆகாது, கல்லும் ஆகாது. ரெண்டையும் பக்கத்து பக்கத்தில நிப்பாட்டினா ரெண்டு பேரிலயும் ஒரேயடியாப் படுற கல் அடி ரொக் ஸ்லைட் ரெண்டு பேருக்கும் ரெண்டு மடங்கு. அதே பிராங்ஸ்டர் விம்சிகொட்டுக்கும் இரிக்கி. அது புல்லும் தேவதையும், மின்சாரம் பாதி, புல் பாதி, சண்டை பாதி. லப்ராஸ் பயப்படுற நாலில மூண்ட தாங்குது. மத்த ரீம்ல டோர்னடஸ் நல்லதா இரிக்கலாம், இந்த ரீம்ல விம்சிகொட்தான். வேகத்துக்கு 252 புள்ளி குடுத்து, குணம் வேகத்தில கை வைக்காம விட்டா லப்ராஸ் 112, டெயில்விண்டுக்குள்ள 224. ஃப்ளட்டர் மேன் முழு வேகத்தில 205, வேகத்தக் கூட்டுற பூஸ்டர் எனர்ஜி அதிட கையில இல்லாட்டி லப்ராஸ் அதுக்கு முந்தி அடிக்கும்! இத முதல் தரம் கணக்குப் போட்டுப் பார்க்கிற பொடியன்ட முகத்தப் பாக்கணும்.

ட்ரிக் ரூம் வழி எண்டா எல்லாம் தலைகீழ். குணத்தால வேகத்தக் குறைச்சு பிறவிப் புள்ளியும் 0 ஆக்கினா லப்ராஸ் 58. பக்கத்தில அமூங்கஸ், அடிப்படை வேகம் 30, ரேஜ் பவுடர் போட்டு அடிய தன்ட பக்கம் இழுக்கும். ஆனா கவனம், புல் வகை ஆக்கள்ட அடி ரேஜ் பவுடருக்கு மசியாது, சேஃப்டி கொகிள்ஸ் போட்டவனுக்கும் மசியாது. லப்ராஸ் பயப்படுற நாலில புல்லும் ஒண்டு, ஆக அங்க ஒரு ஓட்டை இரிக்கி, அத அடைக்க நெருப்பு வகை ஒண்டு வேணும், அப்பத்தான் இன்சினரோர் உள்ளுக்க வருது, எதிராளிய அந்த ரேர்ன் அசையவிடாத ஃபேக் அவுட்டும் போடும், இன்ரிமிடேட்டால எதிராளிட கை அடியையும் குறைக்கும். ட்ரிக் ரூம் போடுறதுக்கு டஸ்க்ளொப்ஸ், கையில தடுப்பக் கூட்டுற எவியோலைட், பேய் வகை எண்டபடியா சண்டை அடியே படாது, ஃபேக் அவுட்டும் படாது. நெருப்பு வகைதானே வேணும் டோர்கோல் போடுவம் எண்டு ஒருத்தர் கேப்பார், டோர்கோல் வெளிய வந்தா வெயில் அடிக்கும், வெயிலுக்குள்ள லப்ராஸ்ட தண்ணி அடி பாதியாப் போகும். தனியப் பார்த்தா டோர்கோல் ட்ரிக் ரூம்ல ராசா, இங்க வாசலோட நிக்க வேண்டியதுதான்.

பார்த்தீங்களா, ரீம்ல லப்ராஸ் ஒண்டும் பெரிசாச் செய்யாமலே மத்த எல்லாரையும் தெரிஞ்சு போட்டுது. அதுதான் அந்த ஆளிட வேலை. முதல்ல நிக்கும், பிறகு அசையாது, மத்ததெல்லாம் அதுக்கு ஏத்த மாதிரி வரும்.

எங்கட பக்கம் கல்யாணத்துக்குப் பந்தல் போட முந்தி கன்னிக்கால் ஊண்டுறதில்லையா. முள்முருக்கந் தடி ஒண்டுதான், பந்தல் பாரத்த அது தாங்குறதே இல்ல, ஆனா அத ஊண்டினாப் பிறகுதான் மத்த வேலை எல்லாம் தொடங்கும், அத ஒருத்தரும் பிடுங்கி நகத்தவும் மாட்டாங்க. அதான் நான் முந்தாநேத்து "கன்னிக்கால்" எண்டு போட்டனான். அதுக்கு அக்கரைப்பற்றுக் காக்கா எழுதினது நியாயம்:

> நாங்களும் கல்யாணத்துக்குப் பந்தல் போடுறதான், ஆனா கன்னிக்கால் எங்கட சடங்குல இல்ல. எங்கட பொடியனுகளுக்கு இந்தச் சொல்லு விளங்காது, ‘கன்னி’ எண்டா வேற என்னவோ நினைப்பானுகள்.

சரிதான் காக்கா. அதோட கண்ணகி அம்மன், திரௌபதை அம்மன் சடங்கில கன்னிக்கால் வெட்டுறது எண்டா அது ஊருக்கே பெரிய விசயம், அந்தச் சொல்ல விளையாட்டுப் பட்டியல்ல போட்டா எங்கட வீட்டு ஆச்சியே ஏசும். அப்ப கன்னிய எடுத்துப்போட்டு "முதற்கால்" எண்டு வைப்பம். பந்தல் எல்லா ஊரிலயும் இரிக்கி, முதல்ல நடுற கால் எல்லாப் பந்தலுக்கும் இரிக்கி.

இதுக்கும் எதிர்ப்பு வந்திரிக்கு, பாத்தன். முதற்கால் எண்டா கால்வாசி, முதல் காலாண்டு மாதிரிக் கேக்குது எண்டு கணக்குப் படிக்கிற தங்கச்சி. தனியச் சொன்னாக் கேக்கும்தான்கா, வசனத்துக்குள்ள வச்சாக் கேக்காது: "என்ட ரீமுக்கு முதற்கால் லப்ராஸ்", "முதற்கால மாத்தாம மத்த அஞ்சையும் மாத்திப் பாரு", "இது முதற்கால் ரீம், பார்த்து விளையாடு". ஒருத்தருக்கும் காலாண்டு ஞாபகம் வராது. "லப்ராஸுக்கு ஏதுடா கால், நாலும் துடுப்பு" எண்டு எழுதின ஆளுக்கு நான் பதில் எழுதப் போறதில்ல, ஆனா நல்லாச் சிரிச்சன்.

இன்னும் ஒரு கேள்வி, இதுதான் உள்ளதுக்குள்ள நல்ல கேள்வி: ஆறில வச்சுப்போட்டு நாலில எடுக்காட்டி அப்பயும் அது முதற்காலா? நான் ஓம் எண்டுதான் சொல்லுவன். இந்தச் சொல்லு கட்டுற வேலையப் பத்தினது, மெச்சப் பத்தினது இல்ல. மெச் தொடங்க முந்தி ஆறையும் எதிராளி பாக்கிறான், பெரிய போட்டியள்ல இப்ப அடி, கைப்பொருள் எழுதின தாளையே மாத்திக் குடுக்கிறாங்க, லப்ராஸ் தாள்ல இரிந்தா அவன் அதுக்கும் ஒரு கணக்குப் போட்டுத்தான் நாலு எடுக்கணும். ஒரு மெச்சில கரையில இரிந்தாலும் வேலை நடக்கும். ஆனா ஒரு மெச்சிலயும் எடுக்காம, சும்மா ஐகன் வடிவா இரிக்கு எண்டு ஆறாவதாச் செருகி வைக்கிறது இரிக்கே, அதுக்கு இந்தப் பேர் குடுக்க ஏலாது, அஞ்சு பேர் ரீம்ல ஒரு படம் ஒட்டின கணக்கு அது. அதுக்கு வேற சொல்லு வேணுமெண்டா தனி இழை தொடங்குங்க.

மத்தது, முதற்கால் கட்டாயம் பலயீனமானதா இரிக்கணும் எண்டும் ஒரு எண்ணம் ஓடுது. அப்பிடி ஒண்டும் இல்ல. பலமான கார்ச்சொம்ப் பிடிச்ச ஆள் கார்ச்சொம்ப வச்சே கட்டலாம், அவருக்கு வேலை லேசு, அவ்வளவுதான்.

பட்டியலுக்கு நான் எழுதினது இது, திருத்துங்க:

முதற்கால்: அணி கட்டத் தொடங்கக்குள்ள விருப்பத்தால முதல்ல வச்சு, கடைசி வரைக்கும் மாத்தாம விடுற போக்கிமோன். மத்த அஞ்சும் இதிட பயத்தையும் வேகத்தையும் பார்த்துத் தெரியப்படும். பலமானதா இரிக்கத் தேவையில்ல; அணிக்குள்ள இதுக்கு ஒரு வேலை இரிக்கணும்.

ரீச்சர், முதற்காலா முதல்காலா எண்டுற புணர்ச்சிய நீங்க பாத்து ஒண்டச் சொல்லுங்க, நீங்க எதச் சொன்னாலும் பொடியனுகள் போன்ல முதல்கால் எண்டுதான் ரைப் பண்ணுவானுகள், அதையும் தேடினா வாற மாதிரி ரெண்டாவதாப் போட்டு வைப்பம். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒருத்தரும் மறுக்காட்டி ஏத்திடுவன். அடுத்து ‘ஸ்பீட் கொன்ட்ரோல்’ நிக்குது, "வேகக்கட்டு" எண்டு காக்கா எழுதியிருக்கார், எனக்கு அது எதிராளிய மட்டும் கட்டுற மாதிரிக் கேக்குது, டெயில்விண்ட் நம்மட ஆக்களத்தானே கூட்டுது, அத எங்க போட்டு அடைக்கிற?