சட்ட அமைச்சகம் வெறும் தபால் ஆபீஸா?

கறுப்புக்கோட்டு:
நேற்று பாளையத்தான் எழுதியது: "நீதிபதிகளை உச்ச நீதிமன்ற மூத்த நீதிபதிகளின் குழுவான கொலீஜியமே தேர்ந்தெடுக்கிறது. மத்திய சட்ட அமைச்சகம் பட்டியலை வாங்கிக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பும் தபால் ஆபீஸ், அவ்வளவுதான்." என்ன ஒரு கண்டுபிடிப்பு! 2018 ஜனவரியில் இந்து மல்ஹோத்ரா, கே.எம். ஜோசப் இருவரையும் உச்ச நீதிமன்றத்துக்குக் கொலீஜியம் ஒன்றாகத்தான் பரிந்துரைத்தது. ஏப்ரலில் மல்ஹோத்ராவுக்கு நியமனம். ஜோசப் பெயர் மட்டும் திரும்பி வந்தது. எந்தத் தபால்காரர் ஐயா இப்படிப் பொறுக்கி எடுத்துப் பட்டுவாடா செய்கிறார்?

பாளையத்தான்:
கடைசியில் ஜோசப் உச்ச நீதிமன்ற நீதிபதி ஆனாரா, இல்லையா? 1993 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு கொலீஜியம் மறுபடி சொன்னால் அரசு நியமித்தே ஆக வேண்டும். தபால் லேட்டாக வந்தது, அவ்வளவுதான்.

கறுப்புக்கோட்டு:
லேட்டாம்! ஆகஸ்ட் 7 அன்று மூன்று பேர் பதவியேற்றார்கள். இந்திரா பானர்ஜி, வினீத் சரண், அப்புறம்தான் ஜோசப். ஜனவரியிலேயே பரிந்துரைக்கப்பட்டவர் கடைசி ஆள். பதவியேற்கும் வரிசையில்தான் அங்கே சீனியாரிட்டி. இதற்குப் பதில் சொல்லுங்கள்.

உண்மைவிளம்பி:
அரசு காரணம் சொல்லித்தானே திருப்பியது? அவரைவிட மூத்தவர்கள் இருந்தார்கள், கேரளத்திலிருந்து ஏற்கெனவே ஒருவர் உச்ச நீதிமன்றத்தில் இருந்தார். கேள்வி கேட்கவே கூடாது என்றால் அமைச்சர் எதற்கு?

கறுப்புக்கோட்டு:
2016-ல் மத்திய அரசு உத்தராகண்டில் கொண்டுவந்த குடியரசுத் தலைவர் ஆட்சியை ரத்து செய்த அமர்வில் இருந்தவர் ஜோசப். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றது அரசு. நம்புகிறவர்கள் நம்புங்கள்.

தேனிக்காரி:
எல்லாரும் ஒரே கோப்பைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். அமைச்சகத்தில் மூன்று துறைகள். சட்ட விவகாரத் துறை, மசோதாக்களை எழுதும் சட்டமியற்றல் துறை, நீதித் துறை. நீங்கள் பேசுவது மூன்றாவதை மட்டும். அதுவும் 2009 வரை உள்துறையில் இருந்தது.

உண்மைவிளம்பி:
சிறைகளை விட்டுவிட்டீர்களே அம்மா. அதுவும் நீதித் துறைதானே?

தேனிக்காரி:
சிறை மாநிலப் பட்டியல். டெல்லியில் அதைக் கவனிப்பது உள்துறை. இதுகூடத் தெரியாமல்தான் அமைச்சருக்கு வக்காலத்தா?

உண்மைவிளம்பி:
பாடம் எடுக்க வேண்டாம். கொலீஜியத்துக்குப் பதிலாகக் கொண்டுவந்த தேசிய நீதித்துறை நியமன ஆணையத்தில் சட்ட அமைச்சருக்கு ஓர் இடம் கொடுத்தார்கள். 2015-ல் 4-1 என்று நீதிபதிகளே அதைத் தூக்கி எறிந்தார்கள். தங்களைத் தாங்களே நியமித்துக்கொள்ளும் நீதிபதிகள் உலகில் வேறெங்கே உண்டு?

கறுப்புக்கோட்டு:
அது வேறு சண்டை. திசை திருப்பாதீர்கள். ஆகஸ்ட் 7. மூன்றாவது ஆள். பதில்?

பாளையத்தான்:
சரி ஐயா, 2021-ல் உச்ச நீதிமன்றமே கெடு வைத்துவிட்டதே. கொலீஜியம் ஒருமனதாக மறுபடி பரிந்துரைத்தால் மூன்று நான்கு வாரத்தில் நியமனம். உங்கள் ஜோசப் கதை பழங்கதை.

கறுப்புக்கோட்டு:
கெடு தாண்டினால் யாருக்கு என்ன தண்டனை? அந்த வரியைக் காட்டுங்கள். கோப்பின்மேல் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும். காத்திருந்து அலுத்துப்போய்த் தாங்களே விலகிய வழக்கறிஞர்கள் உண்டு. அந்த அதிகாரம் தபால் ஆபீஸுக்குக் கிடையாது.

பாளையத்தான்:
இடஒதுக்கீட்டு விவாதத்தில் நான் கேட்ட மூன்று கேள்விகளுக்கு நீங்கள் இன்னும் பதில் தரவில்லை. முதலில் அதை முடியுங்கள்.

கறுப்புக்கோட்டு:
அங்கே பாதியில் ஓடியது யார் என்று தேனிக்காரிக்குத் தெரியும்.

தேனிக்காரி:
என்னை ஏன் சாட்சிக்கு இழுக்கிறீர்கள்? அன்றைக்கு இரண்டு பேருமே ஓடினீர்கள்.