பி53 ஸ்டெயின் துளிகூட ஏறவில்லை, ஆன்டிபாடி கெட்டுவிட்டதா?

கேள்வி (ஆய்வு மாணவி):
சினைப்பைப் புற்றுநோயில் ஹை கிரேடு சீரஸ் வகைக் கட்டிகளில் செல் கட்டுமீறிப் பெருகாமல் தடுக்கும் பி53 புரதத்தை, அதில் ஒட்டிப் பழுப்பு நிறம் காட்டும் டிஓ-7 மோனோகுளோனல் ஆன்டிபாடி போட்டுப் பார்க்கிறேன். பெரும்பாலான ஸ்லைடுகளில் புற்று செல்களின் நியூக்ளியஸ் எல்லாம் அடர் பழுப்பு. இரண்டு பிளாக்குகளில் (மெழுகில் பதித்த கட்டித் துண்டுகள்) மட்டும் வெறும் நீலம் (பின்னணிச் சாயம்), ஒரு புற்று செல்லில்கூடப் பழுப்பு இல்லை. மூன்று தடவை திரும்பச் செய்தாயிற்று. பழுப்பு இல்லையென்றால் பி53 நார்மல் என்று எழுதிவிடு என்கிறார் லேபில் ஒரு சீனியர். எனக்கு மனசு ஒப்பவில்லை.

பதில் 1 (பெத்தாலஜிஸ்ட்):
தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். நார்மல் பி53 இருந்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக, சில செல்களில் வெளிறியும் சிலவற்றில் கொஞ்சம் அழுத்தமாகவும் பழுப்பு தெரியும், ஏனென்றால் செல் அந்தப் புரதத்தைச் செய்த கையோடு எம்டிஎம்2 என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்து அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும், தேங்க விடாது. ஒரே ஒரு அமினோ அமிலம் மாறிய பி53 பெரும்பாலும் அழியாமல் குவியும், நீங்கள் பார்த்த அடர் பழுப்பு அதுதான். ஆனால் ஜீனின் நடுவிலேயே ஸ்டாப் (புரதம் செய்வதை நிறுத்தும் குறி) விழுந்துவிட்டால் புரதமே நிலைக்காது, ஆன்டிபாடிக்குப் பிடிக்க ஒன்றுமில்லை. அதுவும் மியூட்டேஷன்தான். இந்த வகைக் கட்டிகளில் 95 சதவீதத்துக்கு மேல் டிபி53 (பி53-ஐச் செய்யும் ஜீன்) மாறியிருக்கும், அதனால் உங்கள் வெற்று ஸ்லைடுகள் எனக்கு ஆச்சரியமாக இல்லை.

அதே ஸ்லைடில் கட்டியை விட்டுவிட்டு நடுவில் கிடக்கும் லிம்ஃபோசைட், ரத்தக்குழாய்ச் சுவர் செல்களைப் பாருங்கள். அங்கே இலேசாகவாவது பழுப்பு இருந்தால் ஆன்டிபாடி ஒழுங்காக வேலை செய்திருக்கிறது.

பதில் 2 (லேப் டெக்னீஷியன்):
அங்கேயும் நீலம்தான் என்றால் பிளாக்கைச் சந்தேகப்படுங்கள். பெரிய கட்டியை வெட்டாமல் முழுசாக ஃபார்மலினில் போட்டு வைத்தால் உள்ளே இறங்குவதற்குள் நடுப்பகுதி கெட்டுவிடும், இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ரிட்ரீவலுக்கு (ஃபார்மலின் மறைத்த புரதத்தைச் சூடாக்கி ஆன்டிபாடிக்குத் திறந்துவிடுவது) சிட்ரேட் கரைசல் போடுகிறீர்களா? ட்ரிஸ்-ஈடிடிஏ, பிஹெச் 9, பிரஷர் குக்கரில் ஒரு தடவை செய்து பாருங்கள்.

பதில் 3:
ஒரு விஷயம், வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் தேடும் முறை) பிஏபி240 என்ற இன்னொரு பி53 ஆன்டிபாடியைப் போட்டுச் சரிபார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மடிப்புக் குலையாத புரதத்தில்தான் அது மாறிய பி53-ஐப் பிரித்துக் காட்டும், வெஸ்டர்ன் பிளாட்டுக்காக எஸ்டிஎஸ் என்ற டிடர்ஜென்டில் மடிப்பைக் குலைத்துவிட்டால் நார்மலையும் பிடிக்கும்.

கேள்வி கேட்டவர்:
40எக்ஸில் வைத்துப் பார்த்தேன் சார், இரண்டு ஸ்லைடிலுமே லிம்ஃபோசைட்டுகளில் மங்கலாகப் பழுப்பு இருக்கிறது, இத்தனை நாள் கட்டியையே பார்த்துக்கொண்டிருந்ததில் கண்ணில் படவில்லை. இரண்டு பிளாக்கையும் சீக்வென்சிங்குக்கு எடுத்து வைத்துவிட்டேன்.