தகனம் செய்தால் கத்தோலிக்கருக்குப் பூசை (திருப்பலி) கிடைக்குமா? சாம்பலைக் குடும்பக் கல்லறையில் வைக்கலாமா?

பனிமயம்72 கேட்டது:

சென்னையில் கத்தோலிக்கக் குடும்பம். வீட்டுப் பெரியவருக்கு வயது 78. "என்னைப் புதைக்க வேண்டாம், எரித்துவிடுங்கள். இடத்துக்காக யாரிடமும் போய் நிற்காதீர்கள்" என்று கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறார். குடும்பக் கல்லறை ஒன்று உண்டு. அவருடைய மனைவியை அதில் அடக்கம் செய்து ஐந்து வருடம்தான் ஆகிறது. இப்போதைக்குத் திறக்க முடியாது என்கிறது கல்லறை நிர்வாகம்.

உறவில் பாதிப் பேர் கத்தோலிக்கர், பாதிப் பேர் சி.எஸ்.ஐ., சிலர் பெந்தெகொஸ்தே. "எரித்தால் பூசை கிடையாது" என்கிறார் ஒருவர். "எரிப்பது வேதத்துக்கே விரோதம்" என்கிறார் இன்னொருவர். "எரித்துவிட்டுக் கடலில் கரைத்துவிடலாமே" என்பவரும் இருக்கிறார். சட்டமும் நடைமுறையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மின்மயானத்தில் என்னென்ன கவனிக்க வேண்டும் என்பதும் தெரிய வேண்டும்.

உபதேசியார் வீடு:

சேசுவுக்கே புகழ். பூசை கிடையாது என்பது 1963-க்கு முந்தைய நிலை. அப்போது உண்மையாகவே தடை இருந்தது, பெரியவர்கள் சொல்வதில் தப்பில்லை. 1886-ல் ரோம் தகனத்தைத் தடை செய்தது. 1917-ம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, தன் உடலை எரிக்கச் சொல்லிவிட்டு இறந்தவருக்குத் திருச்சபை அடக்கத்தையே மறுத்தது. நெருப்பு பாவம் என்பதற்காக அல்ல. 19-ம் நூற்றாண்டு இத்தாலியில் தகனத்தைப் பரப்பியவர்களில் பலர் திருச்சபையை எதிர்த்தவர்கள். "உயிர்ப்பாவது ஒன்றாவது, பார், எரித்துக் காட்டுகிறேன்" என்ற அறிவிப்பாகவே அதைச் செய்தவர்களும் இருந்தார்கள். அந்த அர்த்தம் மங்கிப்போன பிறகு, 1963-ல் தடை நீங்கியது.

இப்போது நடப்பில் உள்ளது 1983-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம். எண் 1176, பிரிவு 3 சொல்வதன் சாரம்: உடலை அடக்கம் செய்யும் வழக்கத்தைத் திருச்சபை வலியுறுத்திப் பரிந்துரைக்கிறது. கிறிஸ்தவப் போதனைக்கு எதிரான காரணத்துக்காகத் தேர்ந்தெடுத்தாலொழிய தகனத்தைத் தடுப்பதில்லை. அப்படி எதிரான காரணம் சொன்னவர் இறக்கும் முன் மனம் மாறிய அடையாளம் காட்டாவிட்டால் அடக்கச் சடங்கு மறுக்கப்பட வேண்டும் என்கிறது எண் 1184. ஆகவே பங்குத்தந்தை கேட்கப்போகும் கேள்வி ஒன்றே ஒன்று: ஏன்? உங்கள் பெரியவர் எழுதியிருக்கும் காரணம் இடநெருக்கடி. சுகாதாரம், பொருளாதாரம், சமூகச் சூழல் ஆகியவற்றால் தகனத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்று 2016-ம் ஆண்டின் வத்திக்கான் அறிவுறுத்தலே சொல்கிறது. பூசைக்குத் தடை இல்லை.

அந்தச் சீட்டை அவர் நன்றாக இருக்கும்போதே, அவரையே வைத்துக்கொண்டு, பங்குத்தந்தையிடம் காட்டிவிடுங்கள். பலர் இதை உயிலுக்குள் எழுதிவிடுகிறார்கள். உயிலைப் பிரிப்பது எல்லாம் முடிந்த பிறகுதான், அப்போது என்ன பயன்?

எரிப்பதில் திருச்சபைக்குப் பெரிய சங்கடம் இல்லை. எரித்த பிறகு மிஞ்சுவதில்தான் கண்டிப்பு எல்லாம். 2016 அறிவுறுத்தல்படி சாம்பல் என்பது உடல். உடலுக்கு என்ன மரியாதையோ அதுவே அதற்கும். கல்லறை, ஆலயம், அல்லது அதற்கென்று ஒதுக்கிய புனித இடத்தில்தான் வைக்க வேண்டும். வீட்டில் வைக்கக் கூடாது (மிக அரிய சூழலில் ஆயர் அனுமதித்தால் தவிர). பிள்ளைகளுக்குள் பங்கு போடக் கூடாது. காற்றில், மண்ணில், கடலில் தூவக் கூடாது. நகையில், நினைவுப் பொருளில் அடைக்கவும் கூடாது. ஆகவே கடலில் கரைக்கும் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள்.

சடங்கின் வரிசை இதுதான்: வீட்டில் செபம், உடலைக் கோவிலுக்குக் கொண்டுபோய் அடக்கத் திருப்பலி, தீர்த்தம், தூபம், அதன் பிறகு மயானம். திருப்பலிக்கு முன்பே எரித்துவிட்டு, கலசத்தை வைத்துப் பூசை கேட்டால் அது தனி அனுமதிக்குப் போகும். உடல் இருக்கும்போதே பூசை முடிப்பதுதான் சிறந்தது. கல்லறையில் சொல்லும் அடக்க செபத்தைச் சாம்பலை மண்ணில் வைக்கும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அமரர் ஊர்தி:

மயானப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

முதலில் காகிதம். ஆஸ்பத்திரியில் இறந்தால் படிவம் 4, வீட்டில் இறந்தால் கடைசியாகப் பார்த்த டாக்டரிடம் படிவம் 4அ. இரண்டுமே இறப்புக்கான காரணத்தைச் சொல்லும் சான்று. இறந்தவர், பொறுப்பேற்பவர் இருவருடைய ஆதார் நகலும் கையில் இருக்கட்டும். வீட்டில் இறந்தவருக்கு டாக்டர் சான்று இல்லாமல் வண்டியை மயான வாசலுக்குக் கொண்டுபோனால், பூசை முடிந்த உடலோடு அங்கேயே நிற்க வேண்டிவரும். இறப்பைப் பதிவு செய்ய 21 நாள். மயான ரசீதைத் தொலைக்காதீர்கள். சாவில் கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும், போலீஸ் விஷயமாக இருந்தாலும், எரிக்கவே எரிக்காதீர்கள். புதைத்ததைத் தோண்டிப் பார்க்கலாம், எரித்ததை ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்து பேஸ்மேக்கர் (இதயத் துடிப்புக் கருவி). 78 வயது என்றால் கேட்டே ஆகவேண்டும். அதன் லித்தியம் பேட்டரி உலைச் சூட்டில் வெடிக்கும், உள்ளே செங்கல் பெயரும், பணியாளருக்கும் ஆபத்து. ஆஸ்பத்திரியிலிருந்து உடலை வாங்கும்போதே எடுத்துத் தரச் சொல்லுங்கள். ஷாக் கொடுக்கும் வகைக் கருவி என்றால் அதை முதலில் அணைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும், அது டாக்டர் வேலை. மூட்டில் வைத்த உலோகத்தால் தொந்தரவு இல்லை, அது சாம்பலோடு மிஞ்சும், பொறுக்கி எடுத்துவிடலாம்.

நம் ஊர் எரிவாயு மேடைகளிலும் மின்மயானங்களிலும் பெரும்பாலும் பெட்டியோடு ஏற்றுவதில்லை. பாலிஷ், ரெக்சின், ஸ்பாஞ்ச், தகரக் கைப்பிடி எல்லாம் புகையும் கசடும்தான். அதனால் விலை கூடிய பெட்டி வாங்காதீர்கள். கோவில் வரைக்கும் பங்கின் பொதுப்பெட்டியைக் கேட்டுப் பாருங்கள், அங்கிருந்து மயானத்தில் தட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். உடுத்துவது பருத்தியாக இருக்கட்டும். சூட்டும் நைலான் சட்டையும் உருகி ஒட்டும். கையில் சுற்றிய செபமாலை, உலோகப் பாடுபட்ட சுரூபம் (சிலுவை), மோதிரம், ஷூ எல்லாவற்றையும் ஏற்றுவதற்கு முன் எடுத்துவிடுங்கள். வாய்க்கரிசி, குடம் உடைப்பது எதுவும் வேண்டாம், செபம் மட்டும்தான் என்று பணியாளரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் அவரும் சங்கடப்படமாட்டார், நீங்களும் படமாட்டீர்கள்.

உலை 800 டிகிரிக்குக் குறையாது. ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் எடுக்கும்.

மேலே உபதேசியார் அண்ணன் சொன்ன சாம்பல் விதி அடிபடுவது இதற்குப் பிறகுதான். வெளிநாட்டில் எலும்பை இயந்திரத்தில் அரைத்து, எல்லாவற்றையும் ஒரே கலசத்தில் தருவார்கள். இங்கே வழக்கம் வேறு: ஒரு சின்னக் கலயத்தில் கொஞ்சம் எலும்பும் சாம்பலும், மீதி அங்கேயே. கரைப்பவர்களுக்கு அது போதும். கத்தோலிக்கருக்குப் போதாது, ஏனென்றால் அங்கே விட்டு வருவதும் உடல்தான். "முழுவதும் வேண்டும்" என்று பதிவு செய்யும்போதே சொல்லுங்கள், ஏற்றும்போது மறுபடி சொல்லுங்கள். முன்பு எரிந்தவருடையது கலக்காமல் இருக்கத் தட்டைக் கூட்டிவிட்டு ஏற்றச் சொல்லுங்கள், கிடைத்தால் அன்றைய முதல் நேரத்தை வாங்குங்கள்.

வளர்ந்த ஆளுக்கு 2 முதல் 3 கிலோ வரும். அரைக்காத எலும்பு இடத்தை அடைக்கும், ஆகவே 10 லிட்டர் எவர்சில்வர் வாளி ஒன்று மூடியோடு கொண்டு போங்கள். சூடு ஆறாமல் பிளாஸ்டிக் டப்பாவில் அள்ளினால் டப்பா உருகிவிடும். ஆறிய பிறகு மண்பானைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

பிரதர் எபி:

ஸ்தோத்திரம். சட்டம் எல்லாம் சரி, வேதம் என்ன சொல்கிறது என்று யாரும் தொடவில்லை. ஆபிரகாம் சாராளை அடக்கம்பண்ண 400 சேக்கல் வெள்ளி நிறுத்துக்கொடுத்து மக்பேலா குகையை வாங்கினான் (ஆதியாகமம் 23). யோசேப்பு தன் எலும்புகளை எகிப்திலிருந்து கொண்டுபோகும்படி ஆணையிடுவித்தான் (50:25). நம்முடைய கர்த்தரும் கல்லறையில் வைக்கப்பட்டார். சுட்டெரிப்பது எங்கே வருகிறது? விலக்கப்பட்ட பொருளைத் திருடிய ஆகானுக்கு வந்த நியாயத்தீர்ப்பில் (யோசுவா 7:25). ஏதோம் ராஜாவின் எலும்புகளை நீறாகச் சுட்ட மோவாபின்மேல் தேவகோபம் வருகிறது (ஆமோஸ் 2:1). "விதைக்கப்படும்" என்று பவுல் எழுதுகிறார் (1 கொரிந்தியர் 15). விதையை யாராவது வறுத்து விதைப்பார்களா? இடமில்லை என்பதற்காக முற்பிதாக்களின் வழியை விடக்கூடாது என்பது என் மனப்பாரம்.

வேதபாட ஆசிரியை:

பிரதர், அடக்கம்தான் வேதத்தின் வழக்கம் என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. சி.எஸ்.ஐ. குடும்பங்களிலும் அதுவே வழக்கம். ஆனால் நீங்கள் காட்டிய இரண்டு இடங்களும் இந்தப் பெரியவருக்குப் பொருந்தாது. ஆகானுக்கு நடந்தது மரண தண்டனை. மோவாப் செய்தது எதிரி ராஜாவின் எலும்பைப் பழிவாங்கியது.

பொருந்துகிற இடம் ஒன்று உண்டு: 1 சாமுவேல் 31:12, 13. பெத்சானின் அலங்கத்தில் (மதிலில்) தொங்கவிடப்பட்ட சவுல் ராஜாவின் உடலையும் அவன் குமாரரின் உடல்களையும் கீலேயாத்தேசத்து யாபேஸ் பட்டணத்தார் இரவெல்லாம் நடந்துபோய் எடுத்துவந்து, தகனம்பண்ணி, எலும்புகளை எடுத்து அடக்கம்பண்ணி, ஏழு நாள் உபவாசித்தார்கள். சிதைந்த உடல்கள், அசாதாரணமான நேரம், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தாவீது அவர்களுக்கு ஆள் அனுப்பி ஆசீர்வதிக்கும்போது (2 சாமுவேல் 2:5) அவர்கள் செய்ததற்கு என்ன பெயர் வைக்கிறான் பாருங்கள்: சவுலை "அடக்கம்" செய்தீர்கள் என்கிறான். எரித்தபின் எலும்பை மண்ணில் வைத்ததும் அடக்கமே. இந்தத் திரியில் கேட்கப்படுவதும் கிட்டத்தட்ட அதுதான்.

விதையைப் பற்றி. கி.பி. 177-ல் இன்றைய பிரான்சின் லியோனில் இரத்தசாட்சிகளின் உடல்களை ஆறு நாள் வெளியே போட்டு, பிறகு எரித்து, சாம்பலை ரோன் ஆற்றில் தள்ளினார்கள். இவர்களுக்கு உயிர்த்தெழும் நம்பிக்கையே இருக்கக் கூடாது என்பதுதான் நோக்கம் என்று பழைய சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் எழுதிவைத்திருக்கிறார். அந்தச் சபை நம்பிக்கையை விட்டதா? அதே காலத்தை ஒட்டி மினூசியஸ் ஃபேலிக்ஸ் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதியதன் சாரம்: எந்த விதமாக உடல் போனாலும் நஷ்டம் என்று நாங்கள் பயப்படுவதில்லை, பழையதும் மேலானதுமான வழக்கம் என்பதால் மண்ணில் அடக்கம் செய்கிறோம். அகுஸ்தீனும் "தேவ நகரம்" முதல் புத்தகத்தில் இரண்டையும் சேர்த்தே சொல்கிறார்: உடல் அழிவது உயிர்த்தெழுதலைத் தடுக்காது, ஆனாலும் ஆவியானவர் நற்கிரியைகளுக்குப் பயன்படுத்திய சரீரத்தை அலட்சியம் செய்யக் கூடாது. எனக்கு இதற்கு மேல் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.

சி.எஸ்.ஐ. உறவினர்களுக்கு: சி.எஸ்.ஐ.யின் வேர்களில் ஒன்றான இங்கிலாந்து சபை தகனத்தை அனுமதிக்கிறது. அதன் தலைமை ஆயரான கேன்டர்பரி பேராயர் வில்லியம் டெம்பிள் 1944-ல் இறந்தபோது தகனம்தான் செய்தார்கள், சாம்பல் அவருடைய பேராலய வளாகத்திலேயே அடக்கமானது. உள்ளூரில் உங்கள் ஆயரையும் கல்லறைத் தோட்டக் கமிட்டியையும் கேட்க வேண்டும். சாம்பலை வைக்கக் கட்டணமும் பதிவேடும் கமிட்டி கையில்.

பனிமயம்72:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். மனைவி அடக்கமான அதே கல்லறையில் சாம்பலை வைக்க ஐந்து வருடக் கணக்கு தடையாக இருக்குமா? கனடாவில் இருக்கும் மகன் கொஞ்சம் சாம்பல் கேட்கிறார். கொடுக்கலாமா?

உபதேசியார் வீடு:

முதல் கேள்வி. கல்லறையைத் திறக்கக் கூடாது என்பது, கீழே உள்ள உடல் இன்னும் மண்ணாகவில்லை, ஆறடி தோண்டினால் அதன்மேல் போய் நிற்பீர்கள் என்பதால். சாம்பலுக்கு அந்த ஆழம் வேண்டியதில்லை. ஒன்றரை அடிச் சதுரத்தில் இரண்டடி ஆழக் குழி போதும், கீழே உள்ள பெட்டியைத் தொடாது. நிர்வாகத்திடம் "கல்லறையைத் திறக்க" என்று கேட்டால் முடியாது என்றுதான் பதில் வரும். "சாம்பல் கலசம் வைக்க, மேலாக, இரண்டடி" என்று எழுதிக் கேளுங்கள். ஒரேயடியாகக் கான்கிரீட் போட்டு மூடிய கல்லறை என்றால் ஓரத்தில் உடைக்க வேண்டிவரும், கொத்தனாரை முன்பே கூட்டிப்போய்க் காட்டுங்கள். பானை வாயைத் துணியால் கட்டிச் சிமென்ட் பூசிவிடுங்கள், இல்லையென்றால் மழைக்காலத்தில் மண் இறங்கி மேற்பலகை சாயும். அடக்கப் பதிவேட்டில் பெயரும் நாளும் ஏறியதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். கல்லில் பெயர் வெட்டத் தடையில்லை, வெட்ட வேண்டும் என்பதுதான் திருச்சபையின் விருப்பமே. கல்லறைத் திருநாளன்று சாமியார் கல்லறைகளை மந்திரிக்க (ஆசீர்வதிக்க) வரும்போது யார் என்று தெரிய வேண்டாமா?

முப்பதாம் நாள் பூசை வரை சாம்பலை வீட்டில் வைத்திருக்காதீர்கள். மூன்றாம் நாள் அல்லது ஏழாம் நாள் பூசையோடு முடித்துவிடுங்கள். அதுவரை கல்லறைக் கோவிலில் வைக்க இடம் தருவார்களா என்று பங்குத்தந்தையைக் கேளுங்கள்.

2020 ஜூலையில் கொரோனாவால் இறந்தவர்களை ஆலப்புழை லத்தீன் மறைமாவட்டம் பங்குக் கல்லறை வளாகத்துக்குள்ளேயே தகனம் செய்து, சாம்பலை அங்கேயே அடக்கம் செய்தது. உங்கள் பங்கில் தயங்கினால் அதை எடுத்துச் சொல்லலாம்.

மகனுக்கு: வீட்டுக் கலசத்துக்காகப் பிரிப்பது கூடாது. ஆனால் 2023 டிசம்பரில் இத்தாலியின் பொலோஞா கர்தினால் ஸூப்பி கேட்ட கேள்விக்கு வத்திக்கான் ஒரு பதில் தந்தது. இறந்தவரின் வாழ்வோடு தொடர்புள்ள ஓர் இடத்தில் மிகச் சிறு பகுதியை வைக்கக் குடும்பம் கேட்டால், தவறான நம்பிக்கை எதுவும் இல்லை என்றால், திருச்சபை அதிகாரம் பரிசீலிக்கலாம் என்றது. பெரியவர் கனடாவில் வாழ்ந்தவர் இல்லை என்றால் அது பொருந்துவது கடினம். மகன் வந்து தன் கையால் குழியில் வைக்கட்டும். கல்லறைக் கோவிலில் வைக்க இடம் கிடைத்தால் சாம்பல் அடக்கத்தை அவர் விமானம் பிடித்து வரும் நாளுக்குத் தள்ளிவைக்கலாம், உடலை ஃப்ரீசர் பெட்டியில் வைத்துக் காத்திருக்கும் அவசரம் இதில் இல்லை.

தேக்கா தமிழ்:

சிங்கப்பூரிலிருந்து ஒரு தகவல், உறவினர் யாராவது இங்கிருந்தால் பயன்படும். இங்கே 1998-லிருந்து அடக்கம் செய்த உடலுக்கு 15 ஆண்டுதான் இடம். அதன் பிறகு தோண்டியெடுத்து, மதம் அனுமதித்தால் தகனம் செய்து, கலசம் வைக்கும் சுவர் மாடத்தில் வைப்பார்கள். அதனால் கத்தோலிக்கர் பலர் முதலிலேயே தகனம் செய்து, ஆலயத்தோடு சேர்ந்த சாம்பல் மாடத்தில் வைத்துவிடுகிறார்கள். 2021-ல் சுவா சூ காங்கில் அரசு திறந்த தோட்டத்தில் சாம்பலைத் தூவலாம். ஆனால் அது தூவுவதற்கான இடம், கத்தோலிக்கருக்கு ஆகாது. மாடத்துக்குப் பதியும்போது தம்பதி இருவருக்குமான இரட்டை மாடமாகக் கேளுங்கள், பின்னால் பக்கத்து மாடம் காலியாக இருக்காது.